பழைய ஸைக்கிளின் பிரேக்

என் தகப்பனார் ஓட்டிய ஸைக்கிள் இப்போது என் புதல்வனுடையது. சென்ற ஐப்பசியில் ஒரு நாள், மழை விட்ட சமயம், அவன் வாய்க்கால் பாலத்திலிருந்து இறங்கி வந்தான். பிரேக்கைப் பிடித்தான், வண்டி நிற்கவில்லை. வேலியில் போய் விழுந்தான். நல்லவேளையாக முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. "நேற்றுத்தானே அப்பா, பிரேக்கை முறுக்கினீர்கள்?" என்று அவன் கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வாய் எழவில்லை. முறுக்கினால் போதும் என்று எண்ணியது என் பிசகு.

இத்தகைய பழைய வண்டிகளில் பிரேக்குக்குக் கம்பிக் கயிறு கிடையாது. பிடியை அழுத்தினால் இரும்புத் தண்டு ஒன்று இழுபடும். அதன் முனையில் குதிரையின் அங்கவடி போன்ற ஒரு வளைவு. வளைவின் இரு நுனிகளிலும் ரப்பர்க் கட்டைகள். இவை ரிம்மின் பக்கங்களில் படிவதில்லை. அச்சை நோக்கிய உட்புறத்தில் படிகின்றன. இரண்டும் ஒருங்கே படிந்தால்தான் முழு பலம் உண்டு. ஒன்று முந்தினால் அது தேயும். மற்றது வேடிக்கை பார்க்கும். என் வண்டியில் நேர்ந்தது இதுவே.

ஆகவே வேலையைச் சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். சக்கரம் போர்க்கின் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் அச்சு நட்டுகளைத் தளர்த்தி நடுவில் நிறுத்துங்கள். பிறகு சக்கரத்தைச் சுழற்றி, கோட்டம் இருந்தால் எடுத்துவிடுங்கள். அடுத்தபடியாக, அங்கவடியைத் தாங்கும் பிடிகளை நகர்த்தி, இரு கட்டைகளும் ரிம்முக்குச் சம தூரத்தில் இருக்கும்படி செய்யுங்கள். கடைசியாகத்தான் தண்டு. அதன் இணைப்புத் திருகைத் தளர்த்தி, கட்டைக்கும் ரிம்முக்கும் சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு இறுக்குங்கள்.

புதுக் கட்டை போடும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். அதைத் தாங்கும் தகட்டின் மூடிய முனை, அவ்விடத்தில் ரிம் ஓடும் திசையை நோக்கியிருக்கட்டும். மாறிப் போனால், பிரேக் பிடிக்கும்போது கட்டை நழுவி வெளியே வந்துவிடும். மூட்டுகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும். ரிம்மில் எண்ணெய் படவே கூடாது.

இவ்வளவு செய்தாலும், நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் பாதி கூடப் பிடிக்காது. மழையில், நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே மெதுவாக அழுத்தி, ரிம்மின் ஈரத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

வண்டியைப் பிள்ளைகளிடம் கொடுக்குமுன், வீட்டு வாசலில் தள்ளிக்கொண்டே ஒரு முறை பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். இப்போது நான் தினந்தோறும் அப்படியே செய்கிறேன்.