வெட்டு உத்தரவு கைப்பேசியில் வந்தால்

கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கிருஷ்ணமூர்த்தி கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடும் விவசாயிக்கு, பயிர் முற்றிவிட்டால் ஒரே கேள்விதான்: வெட்டு உத்தரவு எப்போது? நாள் தள்ளிப்போனால் கரும்பு காய்ந்து எடை குறையும். ஆலையோ டன் கணக்கில்தான் பணம் தருகிறது. ஆலைப் பதிவேட்டில் உள்ள தேதி வயலுக்கு எவ்வளவு சீக்கிரம் வந்து சேருகிறது என்பதைப் பொறுத்தே ஒருவருடைய ஓராண்டு உழைப்பின் பலன் அமைகிறது.

மகாராஷ்டிர மாநிலம் கோலாப்பூர் மாவட்டத்தின் வாரணா கூட்டுறவு ஆலைக்கும் இப்படியொரு சிக்கல் இருந்தது. 1998-ல் சுற்றுவட்டாரக் கிராமங்களில் 54 கணினி மையங்கள் திறந்தார்கள். விவசாயி அங்கே போய்த் தன் கரும்புக் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஊருக்கு ஊர் கணினியைப் பழுது பார்ப்பதும் பராமரிப்பதும் சுமையாகிப்போயின. பின்னாளில் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியா ஆய்வாளர்கள், ஏழு கிராமங்களில் வேறொரு வழியைச் சோதித்தார்கள். ஆலையில் ஒரே ஒரு கணினி. அதோடு கேபிளில் இணைத்த சாதாரணக் கைப்பேசி. விவசாயி எஸ்.எம்.எஸ். அனுப்பினால், கணினியில் ஓடும் மென்பொருள் அதைப் படித்து, கணக்கைத் தேடி எடுத்துப் பதில் அனுப்பிவிடும். எட்டு மாதம் இது ஓடியது. விவசாயிகள் விரும்பினார்கள், செலவும் குறைந்தது.

இத்தகைய மென்பொருளின் வேலை எளிமையானது. இணையப் பக்கத்திலிருந்தோ தகவல் தொகுப்பிலிருந்தோ தேவையான வரிகளை மட்டும் பிரித்தெடுக்கும், எஸ்.எம்.எஸ். அளவுக்குச் சுருக்கும், பட்டியலில் உள்ள எண்களுக்கு ஒவ்வொன்றாக அனுப்பும். பெறுகிறவரிடம் இணைய வசதி இருக்கவேண்டியதில்லை, பட்டன் போன் போதும். பிரிட்டனைச் சேர்ந்த கென் பேங்க்ஸ் 2005-ல் உருவாக்கிய ஃப்ரண்ட்லைன் எஸ்.எம்.எஸ். இவ்வகையில் பேர்பெற்றது. 2007-ல் நைஜீரியத் தேர்தலைக் கண்காணித்த தன்னார்வலர்களின் செய்திகளை அது திரட்டியது. உலகின் முதல் எஸ்.எம்.எஸ்ஸே கணினியிலிருந்து போனதுதான்: 1992 டிசம்பர் 3 அன்று நீல் பாப்வொர்த் தட்டச்சு செய்து அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து அது.

கடலூருக்கு வடக்கே, புதுச்சேரியில், இணையத்தில் உள்ள தகவலை எடுத்து மக்களிடம் சேர்க்கும் இந்த யோசனை, கைப்பேசி பரவுவதற்கு முன்பே வேறு உருவில் வந்துவிட்டது. 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலையின் உயரத்தை எடுத்து, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2004 சுனாமியன்று, பக்கத்து நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி எச்சரிக்கை வந்தது. ஊரார் தகவல் மையத்தை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் கத்த, 3,600-க்கும் மேற்பட்ட மக்கள் உயிர்தப்பினார்கள். ஒரு தகவல் கடைசி ஆள்வரை போய்ச் சேருவதன் மதிப்பை இதைவிட எப்படி அளப்பது?

எஸ்.எம்.எஸ்ஸைத் தமிழில் அனுப்பும்போது ஒரு இடைஞ்சல் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழுக்கு யூனிகோடில் 70 குறியீடுகள். ‘வெள்ளாறு’ நமக்கு நான்கு எழுத்து, கணினிக்கு எட்டுக் குறியீடு. ஆகவே தமிழில் தகவல் தயாரிப்பவர் ஒவ்வொரு சொல்லையும் எண்ணித்தான் எழுதவேண்டும்: தேதி, வயல் எண், வண்டி நேரம். வணக்கத்துக்கும் வாழ்த்துக்கும் இடமில்லை.

அதைவிடப் பெரிய தடை விதிகளில் இருக்கிறது. விளம்பரத் தொல்லையை ஒழிக்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2011 செப்டம்பரில் ஒரு சிம்முக்கு நாளொன்றுக்கு 100 எஸ்.எம்.எஸ். என்று வரம்பு வைத்தது. சில வாரங்களில் அதை 200 ஆக்கியது. 2018-ல் வந்த விதிகளின்படி, மொத்தமாக வணிகச் செய்தி அனுப்புவோர் தங்கள் பெயரையும் செய்தியின் வாசக வடிவத்தையும் முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். தொல்லை செய்தவர்களுக்கு இது அவசியம்தான். பெரிய அமைப்புகளுக்கும் சிரமமில்லை: உத்தரப் பிரதேசத்தில் கரும்பு விவசாயிகளின் வெட்டுச் சீட்டு எஸ்.எம்.எஸ்ஸாகவே வருகிறது. ஆனால் நூறு உறுப்பினர் கொண்ட ஊர்ச் சங்கம் ஒரு பழைய கணினியையும் கைப்பேசியையும் வைத்துத் தானே செய்திருக்கக்கூடிய வேலைக்கு, இன்று இடைத்தரகு நிறுவனமும் பதிவுக் கட்டணமும் தேவைப்படுகின்றன. விவசாயச் சங்கங்களுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் கட்டணமில்லாத எளிய பதிவு முறையை ட்ராய் ஏற்படுத்தித் தருவது நியாயம்.