மருந்து வந்தது முன்னே, காரணம் வருவது பின்னே

நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில் சீவியூ என்றொரு காசநோய் மருத்துவமனை இருந்தது. 1952-இல் அங்கே இரண்டு புதிய மாத்திரைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். கொடுத்தது நுரையீரலுக்காக. ஆனால் மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், பசிக்கிறது என்றார்கள், வார்டிலேயே நடனமாடினார்கள். அந்தப் படங்கள் பத்திரிகைகளில் வெளிவந்தன. இரண்டு மாத்திரைகளில் ஒன்றின் பெயர் இப்ரோனியாசிட். நேதன் கிளைன் என்ற மனநல மருத்துவர் அதைக் காசநோயே இல்லாத, மனச்சோர்வில் ஆழ்ந்திருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர்களில் பலரும் தேறியதாக 1957-இல் அறிவித்தார்.

இந்த மாத்திரையின் பூர்வீகம் இன்னும் வியப்பானது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ராக்கெட் எரிபொருளுக்காகத் தயாரித்த ஹைட்ரசின் என்ற ரசாயனம், போர் முடிந்ததும் மலிவாகக் கிடைத்தது. மருந்து நிறுவனங்கள் அதை வாங்கி, அதிலிருந்து என்னென்ன செய்யலாம் என்று பார்த்தன. அப்படிப் பிறந்ததுதான் இப்ரோனியாசிட். மனச்சோர்வுக்கு மருந்து வேண்டும் என்று யாரும் தேடிப் போகவில்லை. இப்ரோனியாசிட் கல்லீரலைக் கெடுத்ததால் பின்னாளில் கைவிடப்பட்டது. ஆனால் அது திறந்துவிட்ட கேள்வி நின்றது. இந்த மாத்திரை மூளைக்குள் போய் என்னதான் செய்தது?

பதிலில் பாதி நம் நாட்டுச் செடி ஒன்றிலிருந்து வந்தது. சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பின், 1950-களில் ரத்தக் கொதிப்புக்கு உலகெங்கும் கொடுக்கப்பட்டது. அதைச் சாப்பிட்டவர்களில் சிலர் காரணமின்றிச் சோர்ந்து போவதாக மருத்துவர்கள் எழுதினார்கள். ரெசர்பின் மூளையில் செரடோனின் போன்ற ரசாயனங்களை வற்றச் செய்கிறது என்று ஆய்வகங்கள் கண்டுபிடித்தன. இப்ரோனியாசிட்டோ அதே ரசாயனங்கள் சிதையாமல் தடுத்து, அவற்றைப் பெருக்கியது. ஒன்று வற்ற வைக்கிறது, மனம் விழுகிறது. இன்னொன்று பெருக்குகிறது, மனம் எழுகிறது. அப்படியானால் மனச்சோர்வு என்பது இந்த ரசாயனங்களின் குறைபாடுதான் என்ற முடிவு தானாக வந்து நின்றது. 1965-இல் மனநல மருத்துவர் ஜோசப் ஷில்ட்கிராட், இந்த ரசாயனங்களில் நார்அட்ரினலினை முன்வைத்து இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். 1987-இல் அமெரிக்காவில் புரோசாக் என்ற மனச்சோர்வு மாத்திரை அனுமதி பெற்ற பிறகு, “மூளையில் ரசாயனச் சமநிலை கெட்டுவிட்டது” என்ற விளக்கம் உலகம் முழுக்கப் பரவியது. இன்று நம் ஊர் மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்திருப்பவரும் இதைச் சொல்வார்.

அழகான விளக்கம்தான். ஆனால் ஒரு சின்னக் கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. புரோசாக் வகை மாத்திரைகள் சில மணி நேரத்திலேயே மூளையில் தம் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. மனம் தேறுவதற்கோ இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகிறது. குறைந்திருந்ததை நிரப்புவதுதான் வைத்தியம் என்றால், நிரம்பிய பிறகும் இத்தனை வாரம் ஏன்? 2022-இல் மனநல மருத்துவர் ஜோவன்னா மான்கிரீஃபும் அவருடைய சகாக்களும் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, செரடோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு நிலையான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள்.

இதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. பாரசிட்டமால் போட்டால் காய்ச்சல் இறங்குகிறது. உடம்பில் பாரசிட்டமால் குறைந்ததால் காய்ச்சல் வந்தது என்று யாரும் சொல்வதில்லை. மருந்து வேலை செய்வது வேறு, நோயின் காரணம் வேறு. குறிப்பாகக் கடுமையான மனச்சோர்வில் மாத்திரை பலரைக் காப்பாற்றுகிறது. நரம்பணுக்கள் தங்களுக்குள் புதிய இணைப்புகளை வளர்த்துக்கொள்ள அது உதவுகிறது, அந்த வளர்ச்சிக்குத்தான் வாரங்கள் பிடிக்கின்றன என்று இப்போது பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். நிறுத்துவதற்கும் மருத்துவரின் துணை தேவை.

அப்படியானால் காரணம்தான் என்ன? ஒன்றல்ல என்பதே நேர்மையான பதில். இரட்டையரை வைத்து நடந்த ஆய்வுகள் பரம்பரையின் பங்கு சுமார் 37 சதவீதம் என்கின்றன. அதுவும் ஒரே மரபணு இல்லை. மிகச் சிறிய பங்கு கொண்ட ஏராளமான மரபணுக்கள். தைராய்டு குறைந்தாலும், பி12 குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே சோர்வு தலைகாட்டும். அதனால்தான் நல்ல மருத்துவர் முதலில் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுக்கிறார். குழந்தை பிறந்த பிறகு வரும் மனச்சோர்வு தனி வகை. இவற்றோடு வாழ்க்கை சேர்ந்துகொள்கிறது. லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடம் ஆய்வாளர்கள் ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் ஆண்டுக்கணக்கில் பேசி, 1978-இல் ஒரு நூல் எழுதினார்கள். பெரிய இழப்பு வந்தபோது யார் நொறுங்கினார்கள், யார் தாங்கினார்கள் என்று பார்த்தார்கள். சிறு வயதில் தாயை இழந்தவர்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் மூன்றோ அதற்கு மேலோ உள்ளவர்கள், வெளிவேலை இல்லாதவர்கள் அதிகம் விழுந்தார்கள். நான்காவது காரணம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: மனம்விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாமை.

காரணம் பலவாக இருந்தால், உள்ளே நுழையவும் பல வழிகள் இருக்க வேண்டும். மிக எளிய வழி ஒன்றை உளவியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். மனம் சோர்ந்தவர் கோலம் போடுவதை நிறுத்துகிறார், நண்பர்களின் போனை எடுப்பதில்லை, கோயிலுக்கோ கடைக்கோ போவதில்லை. இதம் தரும் விஷயங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று போக, சோர்வு இன்னும் கூடுகிறது. கூடிய சோர்வு இன்னும் முடக்குகிறது. இந்தச் சுழலை மனத்தின் பக்கமிருந்து உடைப்பது கடினம். செயலின் பக்கமிருந்து உடைக்கலாம். உற்சாகம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திராமல், சின்னதாக ஒன்றை முதலில் செய்வது. உற்சாகம் பின்னால் வரும். நீல் ஜேக்கப்சன் 1996-இல் இதை மட்டும் தனியே பிரித்துச் சோதித்தபோது, எண்ணங்களை அலசிச் சீராக்கும் முழுநீளச் சிகிச்சைக்கு இது சளைத்ததில்லை என்று தெரிந்தது.

கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சங்கத் என்ற அமைப்பும் இந்த முறையை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுபோனார்கள். சிகிச்சை கொடுத்தவர்கள் மருத்துவர்கள் அல்ல. மனநலத் துறையோடு அதுவரை சம்பந்தமே இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் மக்கள். ஆறிலிருந்து எட்டு சந்திப்புகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். சுகாதார நிலையத்திலோ நோயாளியின் வீட்டிலோ நடக்கும். ஆலோசகர் முதலில் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைப் படித்துக் காட்டி மதிப்பெண் போடுவார். முன்பு எதையெல்லாம் செய்துவந்தீர்கள், எது நின்றுபோனது என்று கேட்பார். அடுத்த சந்திப்புக்குள் செய்ய முடிந்த ஒரு சின்ன வேலையை இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, தங்கை வீட்டுக்குப் போய்வருவது என்று அவ்வளவு சின்னதாகக்கூட இருக்கலாம். செய்தபோது மனம் எப்படி இருந்தது என்று குறித்துவர வேண்டும். ஆலோசகர்கள் தங்கள் சந்திப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கூடி உட்கார்ந்து கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் கொடுத்துத் திருத்திக்கொண்டார்கள்.

2017-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. கடுமையான மனச்சோர்வுள்ள 495 பேர் பங்கெடுத்த சோதனை அது. மூன்று மாதத்தில், இந்தச் சந்திப்புகள் கிடைத்தவர்களில் 64 சதவீதத்தினர் தேறியிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 சதவீதம். மனநலத்தைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிட நம்பிக்கை தரும் எண்கள் குறைவு.

நம்மிடம் மனநல மருத்துவர்கள் மிகக் குறைவு என்பதால்தான் இந்த எண்கள் முக்கியம். 2019-இல் போட்ட கணக்கின்படி இந்தியா முழுக்க ஏறத்தாழ 9,000 பேர். லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான மனநோய்கள் உள்ளவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கும் மேல் சிகிச்சையே கிடைக்கவில்லை என்றது.

மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலான தூரத்தைக் கடக்கப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 2010-இல் ஒரு பேருந்து கிளம்பியது. சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு அதை ஓட்டியது. உள்ளே ஒரு பகுதி ஆலோசனை அறை, இன்னொரு பகுதி மருந்தகம். நோயாளி திரைக்கு முன்னால் உட்காருவார், சென்னையிலிருந்து மருத்துவர் பேசுவார், எழுதிக்கொடுத்த மருந்து அந்தப் பேருந்திலேயே கிடைக்கும். தினக்கூலியை விட்டுவிட்டு நகரத்துக்குப் பேருந்து ஏற முடியாத குடும்பத்துக்கு இதன் அருமை தெரியும்.

இப்போது அந்தத் திரை கையிலிருக்கும் போனுக்கு வந்துவிட்டது. ஆன்லைனில் மனநலச் சிகிச்சை பலிக்குமா என்றால், பலிக்கும். ஆனால் எதிர்முனையில் ஒரு மனிதர் இருக்க வேண்டும். நீங்களே படித்துச் செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிடும் செயலிகளைப் பலர் பாதியில் கைவிடுகிறார்கள். வாரத்துக்குச் சில நிமிடம் ஒருவர் விசாரித்தாலே பலன் வெகுவாகக் கூடுகிறது. அந்தரங்கம் இன்னொரு சிக்கல். 2023-இல் அமெரிக்க வணிக ஆணையம், மனநல விவரங்களை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்த ஓர் ஆன்லைன் சிகிச்சை நிறுவனத்திடம் 78 லட்சம் டாலர் வசூலித்தது. நம் வீடுகளில் அந்தரங்கத்துக்கு வேறு தடை. ஒரே போனை மூன்று பேர் வைத்திருக்கும் வீட்டில் மருமகள் எங்கே போய்ப் பேசுவாள்? மொட்டை மாடிக்குப் போனாலும் கேள்வி வரும். அரை மணி நேரம் அவளைத் தனியே விட்டுவிடுவதுகூட வைத்தியத்தில் சேர்ந்ததுதான்.

மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. எண் 14416. கட்டணம் இல்லை, இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார். உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ இரண்டு வாரமாகத் தினமும் மனம் கனத்து, எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் கூப்பிடுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் என்ற கணக்கே வேண்டாம், அந்த நிமிடமே கூப்பிடுங்கள், பக்கத்தில் ஒருவரை உட்காரவையுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள். நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொன்னால்கூட, மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.