காற்றாற் குளிரும் எஞ்சினும் டர்போவும்

வெப்பமே அகத்தகன எஞ்சினுக்கு உயிர். அவ்வெப்பமே அதற்குக் கூற்றுமாகும். எரிபொருள் எரிதலாற் பிறக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகின்றது. மற்றொரு பங்கு கழிவாயுவோடு வெளியேறுகின்றது. எஞ்சிய பங்கு உருளைச் சுவரிலும் முசலத்திலும் உருளைத் தலையிலும் ஏறி நிற்கின்றது. ஏறிய வெப்பம் உடனுக்குடன் இறக்கப்படாவிடின் எண்ணெய் கருகும். முசலம் உருளையோடு இறுகும். ஈற்றில் உலோகமே உருகும். ஆதலின் எஞ்சினின் வலுவைப் பெருக்குதல் எளிது. அவ்வலுவோடு உடன்பிறக்கும் வெப்பத்தைப் போக்குதலே அரிது. இவ்வுண்மையை ஐயந்திரிபற விளக்குவன, டர்போ பூட்டப்பெற்ற, காற்றாற் குளிரும் பந்தயக் கார்களாம்.

பந்தயக் காருக்கும் தீவகத்துக்கும் யாது தொடர்பு என வினவுதல் இயல்பே. நன்னீர் அரிதாயும் உவர்க்காற்று மிகுதியாயும் உள்ள ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய இடங்களில் மக்கள் வாழ்வு எஞ்சின்களை நம்பியே நடைபெறுகின்றது. தோட்டக் கிணற்று நீரை இறைக்கும் சிறு எஞ்சின்களும், மோட்டார்ச் சைக்கிள்களும், முச்சக்கர வண்டிகளும் பெரும்பாலும் காற்றாற் குளிர்வன. பண்ணைத் தாம்போதி வழியாகத் தீவகத்துக்கு ஓடும் பேருந்துகளை ஒத்த இக்காலக் கனவண்டிகளிற் பல டர்போ பூண்டவை. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குச் செல்லும் படகின் எஞ்சின் நடுக்கடலில் நின்றுவிடின், தள்ளிவிட வீதியும் இல்லை; ஒதுங்கி நிற்க மரநிழலும் இல்லை. பந்தயக்காரனுக்கு எஞ்சின் நிற்றல் தோல்வி. தீவானுக்கோ அது உயிர்க்கேடாகவும் முடியலாம்.

எஞ்சினைக் குளிர்விக்கும் முறை இரண்டு. ஒன்று, உருளையைச் சுற்றி நீரை ஓடவிடுதல். மற்றொன்று, உருளையின் புறத்தே மீனின் செட்டைபோன்ற மெல்லிய உலோகத் தகடுகளை அமைத்து, அவற்றினூடே காற்றை வீசச்செய்தல். ஒரே கனவளவை ஒப்பிடுமிடத்து, நீர் ஒரு பாகை வெப்பநிலை உயர்வுக்கு ஏற்கும் வெப்பம் காற்று ஏற்பதினும் ஏறக்குறைய 3500 மடங்காகும். ஆதலின் காற்றைக் கொண்டு குளிர்விப்பவர் மிகப்பெரிய அளவிற் காற்றைச் செலுத்தல் வேண்டும். அதற்கு ஈடாக, நீர்த்தொட்டியும் குழாயும் பம்பியும் இல்லாமையால் எஞ்சின் பாரம் குறைந்து எளிமை பெறுகின்றது. ஒழுகுதற்கு நீரில்லை, உறைதற்கும் நீரில்லை. 1963 ஆம் ஆண்டிற் காட்சிக்கு வந்த ஜேர்மனியின் போர்ஷே 911 என்னும் கார், 1998 வரை இம்முறையையே கைக்கொண்டது.

இனி டர்போ என்பது யாதென நோக்குக. கொல்லன் துருத்தியை ஊதுங்கால் உலையில் தீ ஓங்குகின்றது; காற்று மிகுதியாகப் புகுதலே அதற்குக் காரணம். எஞ்சினுள்ளும் காற்றை அழுத்திப் புகுத்தினால் மிகுதியான எரிபொருளை எரிக்கலாம். அத்துருத்தியை ஊதும் வேலையை, வீணே வெளியேறும் கழிவாயுவிடமே ஒப்படைத்தல் டர்போவின் நுட்பம். சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூக்கி என்பார் 1905 ஆம் ஆண்டிலே இக்கருத்துக்குக் காப்புரிமை கோரினார். ஒரே தண்டின் ஒருபுறத்துச் சுழலியைக் கழிவாயு சுழற்ற, மறுபுறத்துச் சக்கரம் புறக்காற்றை நெருக்கி எஞ்சினுக்கு ஊட்டுகின்றது. பெற்றோல் எஞ்சினில் அக்கழிவாயுவின் வெப்பநிலை 900 பாகை சதமத்தை எட்டுதலும் உண்டு.

காற்றை நெருக்கின் அது சூடேறும். துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடிக்கும் பம்பியின் அடிப்புறம் சுடுதலை யாவரும் அறிவர். 27 பாகையிலுள்ள காற்றை அமுக்கம் இரட்டிக்கும் வரை நெருக்கினால், நெருக்கும் சக்கரத்தின் திறன் நூற்றுக்கு 70 எனக் கொள்ளுமிடத்து, அதன் வெப்பநிலை ஏறக்குறைய 121 பாகையாகும். அமுக்கம் இரட்டித்தபோதும், சூட்டினால் விரிதலின் அடர்த்தி ஒன்றரை மடங்களவே உயரும். அக்காற்றை எஞ்சினுட் புகுமுன் 50 பாகைக்குக் குளிர்வித்தால் அடர்த்தி 1.86 மடங்காகும். வலுவும் பெருகும், எஞ்சினுள் நிகழும் எரிதலும் தணிந்த சூட்டிலே தொடங்கும். இங்ஙனம் இடையிற் குளிர்விக்கும் கருவியே இன்ரகூலர் எனப்படுவது.

காற்றாற் குளிரும் எஞ்சினில் டர்போவைப் பூட்டுதலில் ஒரு தனி இடர் உண்டு. குளிர்விக்கும் விசிறியை எஞ்சினே சுழற்றுகின்றது. ஆகவே வீசும் காற்றின் அளவு எஞ்சினின் சுழல்வேகத்தைப் பொறுத்தது. வெப்பமோ டர்போ ஊட்டும் அமுக்கத்தையும் பொறுத்தது. சுழல்வேகம் மாறாது அமுக்கம் மட்டும் உயருமாயின் வெப்பம் மிகும். விசிறிக் காற்று மிகாது. விசிறியை இருமடங்கு விரைவாகச் சுழற்றலாமே எனின், அதற்கு எண்மடங்கு வலு வேண்டும். ஈட்டிய வலுவை விசிறியே உண்டுவிடும்.

இவ்விடரோடு போராடியவருள் தலையாயவர் போர்ஷே நிறுவனத்துப் பொறியியலாளர். ஹான்ஸ் மெற்ஸ்கர் வடித்த பன்னிரண்டு உருளை எஞ்சினோடு 1969 இல் வெளிவந்த 917 என்னும் காரில், எஞ்சினின் மேற்புறத்திற் பெருவிசிறி ஒன்று கிடையாகச் சுழன்றது. பிரான்சு தேசத்து லெ மான் நகரில் நிகழும் 24 மணிநேரப் பந்தயத்தில் அது 1970 இலும் 1971 இலும் வென்றது. பின்னர் அதற்கு இரு டர்போக்கள் பூட்டப்பெற்றன. 1973 இல் 5.4 லீற்றர் கொண்ட 917/30 ஏறக்குறைய 1100 பரிவலு ஈந்தது. பொறியியற் பட்டதாரியான ஓட்டுநர் மார்க் டொனகியூ அதனைச் செலுத்தி, அவ்வாண்டு வட அமெரிக்காவின் கான்-ஆம் போட்டித் தொடரில் எட்டுப் பந்தயங்களுள் ஆறில் வெற்றியீட்டினார். அக்காரில் இன்ரகூலர் இல்லை. குறுகிய பந்தயத்துக்கு அது போதுமாயிற்று; 24 மணிநேரம் ஓடவேண்டிய எஞ்சினுக்கு வேறு வழி வேண்டியதாயிற்று.

1974 இல் 2142 கன சென்ரிமீற்றர் கொண்ட டர்போ எஞ்சினுக்கு இன்ரகூலர் அமைத்து லெ மானுக்கு அனுப்பினர். அக்கார் இரண்டாமிடம் பெற்றது. 1976 இல் 936 என்னும் கார் அங்கு வென்று, டர்போ பூண்ட கார் ஒன்றின் முதல் லெ மான் வெற்றியைப் பதிவுசெய்தது. அடுத்த ஆண்டு நிகழ்ந்தது இன்னும் படிப்பினை மிக்கது. பின்தங்கியிருந்த 936 ஐ ஜாக்கி இக்ஸ், யூர்கன் பார்த், ஹேர்லி ஹேவூட் என்னும் மூவர் முன்னணிக்குக் கொணர்ந்தனர். முடிவுக்கு ஒரு மணிநேரமும் இல்லாத வேளையில் ஒரு முசலம் எரிந்து பழுதாயிற்று. கம்மியர் அவ்வொரு உருளையின் தொழிற்பாட்டை நிறுத்தினர். எஞ்சிய ஐந்து உருளைகளோடு பார்த் மெல்லச் செலுத்தி எல்லையை எய்தி வெற்றியும் பெற்றார். வேகத்தால் ஈட்டிய முதன்மையை இறுதியிற் காத்தது பொறுமையே.

எஞ்சினைக் காத்த ஏனைய வழிகளும் அறியற்பாலன. முதலாவது, எண்ணெய். காற்றாற் குளிர்வதெனப்படும் எஞ்சின் உண்மையில் எண்ணெயாலும் குளிர்வதாம். தனித்தொட்டியில் நிற்கும் எண்ணெய் குளிர்ப்பியூடு சென்று மீள்வதோடு, முசலத்தின் அடிப்புறத்திலும் பீச்சப்படுகின்றது. இரண்டாவது, எரிபொருள். சற்று மிகுதியாகச் செலுத்தப்படும் பெற்றோல் ஆவியாகுங்கால் உருளையினுட் சூட்டைத் தணிக்கும். மூன்றாவது, மிகுதியான கழிவாயுவைச் சுழலிக்குச் செல்லவிடாது புறம்போக்கும் வால்வு; அமுக்கம் எல்லை கடவாது காப்பது அதுவே.

எனினும் காற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒவ்வோர் உருளைக்கும் நான்கு வால்வுகள் வைக்க முற்பட்டபோது, அவற்றிடையே மிகச் சூடேறும் குறுகிய பகுதிக்குக் காற்றுச் செல்ல இடமில்லாது போயிற்று. ஆகவே 1978 இல் வந்த 935/78 காரில் உருளைத் தலைகள் நீராலும் உருளைகள் காற்றாலும் குளிர்விக்கப்பட்டன. 1982 இல் லெ மானில் வென்ற 956 உம் அவ்வகையினதே. ஆயினும் இடையில், 1979 இல், கிரேமர் குழுவினரின் 935 கே3 முற்றிலும் காற்றாற் குளிரும் எஞ்சினோடு அங்கு வாகை சூடியது. போர்ஷே நிறுவனத்தார் தம் 935 இன் இன்ரகூலருக்கு நீரைப் பயன்படுத்தியிருக்க, கிரேமர் குழுவினர் அங்கும் காற்றையே பயன்படுத்தினர் என்பது குறிப்பிடத்தக்கது.

இவற்றாற் பெறப்படும் விதிகள் தீவகத்து வீட்டு முற்றத்துக்கும் பொருந்துவன. செட்டைகளிடையே மணலும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைந்தால் காற்று உலோகத்தைத் தீண்டாது. உவர்ப்படிவு அலுமினியத்தை அரிக்கும். ஆகவே அவற்றைத் துப்புரவாக வைத்தல் வேண்டும். முச்சக்கர வண்டியின் விசிறியை மூடிய தகட்டுக் கூட்டைத் தேவையற்றதெனக் கழற்றி எறிதல் தவறு. காற்றைச் செட்டைகளுக்கு வழிப்படுத்துவது அக்கூடே. டர்போ பூண்ட வண்டி நெடுந்தூரம் விரைந்து வந்தபின் அதனை உடனே நிறுத்தலாகாது. எஞ்சின் நின்றவுடன் எண்ணெயோட்டமும் நிற்கும். செஞ்சூட்டுச் சுழலியின் வெப்பம் தண்டைத் தாங்கும் இடத்திலுள்ள எண்ணெயைக் கரியாக்கும். இரண்டொரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துதல், செலவின்றிப் பெறும் காப்பாகும்.

2013 ஆம் ஆண்டு முதல் இலங்கையில் உயர்தர வகுப்புகளிலே தொழினுட்பத்துறை கற்பிக்கப்பட்டு வருகின்றது. அதனைப் பயிலும் மாணவர் எஞ்சினின் வலுவை மட்டும் வினவாது, அதன் வெப்பம் எவ்வழியே செல்கின்றது எனவும் வினவப் பழகல் வேண்டும். வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்கு நிறைவுறாதவாறுபோல, வலுவை மட்டும் எண்ணி வெப்பத்தை எண்ணாத பொறியறிவும் நிறைவுறாது. அக்கணக்கைச் செவ்வனே வைப்பவன் கையில் எஞ்சின் நெடிது வாழும். அவனை நம்பிப் படகேறுவோரும் கரைசேர்வர்.