பாஸ்டனில் குறைந்த ஐந்து மைல்

மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் பிரேக் பிடித்து நிற்க 12 மீட்டர் ஆகும் என்கிறது பிரிட்டனின் சாலை விதிக் கையேடு. 48 கிலோமீட்டர் என்றால் 23 மீட்டர். அதில் முதல் 9 மீட்டர், ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே கடந்துபோகும்.

இரண்டு கார்களும் அருகருகே வருகின்றன, இரண்டு ஓட்டுநர்களும் ஒரே நொடியில் ஆபத்தைப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மெதுவாக வந்த கார் நின்றுவிடும் அதே இடத்தை மற்ற கார் கடக்கும்போது, அதன் வேகம் இன்னும் 40 கிலோமீட்டருக்கும் மேல் இருக்கும். வேகம் ஒன்றரை மடங்கானால் இயக்க ஆற்றல் இரண்டேகால் மடங்காகிறது. பிரேக் அவ்வளவையும் தின்று தீர்த்தால்தான் வண்டி நிற்கும். மிச்சமிருப்பதை வாங்கிக்கொள்வது எதிரே நிற்பவரின் உடல்.

இந்தக் கணக்கு பள்ளிக்கூட இயற்பியல்தான். ஆனால் தங்கள் தெருக்களில் வேகத்தைக் குறைக்கும் அதிகாரம் அமெரிக்க நகரங்கள் பலவற்றுக்கு இருந்ததில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வீடுகள் நெருங்கிய தெருக்களுக்கு வேக வரம்பு மணிக்கு 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர், என்பது மாநிலச் சட்டம். அதை மாற்ற ஒவ்வொரு சாலைக்கும் பொறியியல் ஆய்வு வேண்டியிருந்தது, மாநிலத்தின் ஒப்புதலும் வேண்டியிருந்தது. அந்த ஆய்விலும் பழைய விதி ஒன்று குறுக்கே நின்றது. அந்தச் சாலையில் நூற்றுக்கு 85 வண்டிகள் எந்த வேகத்தைத் தாண்டாமல் போகின்றனவோ, அதை ஒட்டியே வரம்பை வைப்பார்கள். ஓட்டுகிறவர்கள் வேகமாகப் போனால் வரம்பும் உயரும். நடந்து போகிறவர் இந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை. நெடுஞ்சாலைக்கு இது பொருந்தலாம். குழந்தைகள் குறுக்கே ஓடும் தெருவுக்கு இது அநியாயம்.

2016 ஆகஸ்டில் ஆளுநர் சார்லி பேக்கர் கையெழுத்திட்ட சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. விருப்பமுள்ள ஊர்கள் தாங்களே முடிவெடுத்து 25 மைலாக, அதாவது 40 கிலோமீட்டராக, குறைத்துக்கொள்ளலாம். பாஸ்டன் 2017 ஜனவரியில் குறைத்தது.

வெறும் பலகையை மாற்றினால் யார் கேட்பார்கள் என்ற சந்தேகம் நியாயமானதுதான். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு, வரம்பு மாறாத பக்கத்து நகரமான பிராவிடன்ஸோடு பாஸ்டனை ஒப்பிட்டு, 2018-ல் முடிவை வெளியிட்டது. சராசரி வேகம் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. இத்தோடு அறிக்கையை மூடி வைத்திருந்தால் திட்டம் தோல்வி என்றே தோன்றியிருக்கும். ஆனால் 35 மைலைத் தாண்டி ஓட்டுவதற்கான வாய்ப்பு 29.3 விழுக்காடு குறைந்திருந்தது. 30 மைலைத் தாண்டுவது 8.5 விழுக்காடு குறைந்தது.

உயிர்கள் பிழைப்பது இங்கேதான். நடந்து செல்பவர்மீது கார் மோதினால் இறக்கும் அபாயம், மோதும் வேகம் 23 மைலாக இருக்கையில் சுமார் 10 விழுக்காடு. 32 மைலில் 25. 42 மைலில் 50. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கத்தின் பாதுகாப்பு அறக்கட்டளை 2011-ல் தந்த மதிப்பீடு இது. மிக வேகமாகப் போகும் சிலர் கொஞ்சம் அடங்கினாலே போதும், சராசரியில் தெரியாத பலன் மருத்துவமனையில் தெரியும்.

பலகையோடு பாஸ்டன் நின்றுவிடவில்லை. குடியிருப்புத் தெருக்களில் ஆண்டுக்கு 500 வேகத்தடைகள் வரை அமைக்கும் திட்டத்தை 2023-ல் மேயர் மிஷல் வூ அறிவித்தார்.