பெயருக்கு எத்தனை கட்டம்?

புனேயில் கட்கி, கன்டோன்மென்ட், பிம்ப்ரி - சிஞ்ச்வட் என்று நம்மவர்கள் பரவலாக வாழ்ந்து வருகிறார்கள். சங்கத்தில் சேரவும், பொங்கல் விழாவுக்குப் பெயர் கொடுக்கவும் அச்சடித்த படிவத்தைப் பூர்த்தி செய்த காலம் போய், அந்தப் படிவம் இன்று கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. அதை ஆள் வைத்து எழுதி வாங்குவதா, ஆயத்தக் கருவியில் தயாரித்துக் கொள்வதா என்பதே காரியதரிசிகளின் யோசனை. அளவு கொடுத்துத் தைப்பதா, ரெடிமேட் சட்டை வாங்குவதா என்பது போலத்தான்!

இணையப் பக்கத்தில் படிவம் அமைக்கும் முறை 1995-ல் வந்த எச்.டி.எம்.எல். 2.0 தரத்திலேயே இருக்கிறது. ரஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் பி.எச்.பி.யை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். கூகுள் நிறுவனம் 2008-ல் படிவக் கருவியைக் கொண்டு வந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவும் இத்தகைய கருவி வைத்திருக்கிறது. கேள்விகளைத் தமிழில் தட்டினால் அரை மணியில் படிவம் தயார். பதில்கள் தாமாகவே அட்டவணையில் ஏறிவிடும்.

ஆனால் நம்மவர்களுக்குத் தொல்லை பெயரில்தான் ஆரம்பிக்கிறது. மராட்டியர்களுக்குச் சொந்தப் பெயர், தந்தை பெயர், 'ஆட்நாவ்' என்று மூன்றும் உண்டு. நமக்கு உள்ளது ஓர் இனிஷியல். சில கருவிகளின் ஆயத்தப் பெயர்க் கட்டம், கடைசிப் பெயர் இல்லாமல் நகர விடாது. ஒருவர் தகப்பனார் பெயரை எழுதுவார், இன்னொருவர் புள்ளி வைப்பார், மற்றொருவர் தம் பெயரையே இரு முறை எழுதுவார். இப்படி இடத்துக்கு ஒரு பெயராகப் பதிந்து, பிற்பாடு பி.எஃப். பணம் கேட்கும்போது ஆதாருடன் பொருந்தாமல் அலைகிற தொழிலாளிகள் பலர். அந்த ஆயத்தக் கட்டத்தை நீக்கிவிட்டு, சாதாரண ஒற்றை வரிக் கட்டம் ஒன்றை வைத்தால் போதும். கருவியிலும் இது முடியும். யாரும் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

கூகுள் படிவத்தில் புகைப்படம் இணைக்கச் சொன்னால், கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். கணக்கின் கடவுச்சொல் மறந்தவர் அங்கேயே நின்றுவிடுவார்.

கையால் எழுதிய படிவத்தில் இந்தக் கட்டுப்பாடுகள் இல்லை. ஆனால் கைப்பேசித் திரையில் செய்யும் சரிபார்ப்பை ஏமாற்றிவிடலாம். சர்வரிலும் மறுபடி சரிபார்க்க வேண்டும். எழுதிக் கொடுத்த பையன் வேலை மாறி பெங்களூர் போய்விட்டால், பிறகு அதைத் தொட ஆள் கிடைக்காது.

விழாவுக்குப் பெயர் வாங்கக் கருவியே தாராளம். மாதச் சந்தா, உதவி நிதி என்று வருஷக்கணக்கில் கணக்கு நடத்துகிற சங்கம், பராமரிக்க ஆள் இருந்தால் எழுதி வாங்கலாம்.

எதுவானாலும், விவரங்களை எதற்காக வாங்குகிறோம் என்று மேலே எழுதிவிட வேண்டும். 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, அந்த அறிவிப்பை எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்கும் வசதி தரப்பட வேண்டும். தமிழும் அதில் ஒன்று.