மின்னஞ்சல்: சாவி நம் கையில் இருக்கட்டும்



இந்தத் தடவை சுவர் இதழில் மின்னஞ்சல் பற்றி எழுதுகிறேன். "இது தெரியாதா? போன் வச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியுமே" என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு நடந்ததைப் பார்க்கும் வரை.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க். பி.எஸ்சி. கணிதம் படிக்க ஆசை. விண்ணப்பம் போட டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாங்க. "மெயில் ஐ.டி. இருக்காம்மா?" என்று கேட்டார் கடைக்காரர். இல்லை என்றதும், "சரி, நானே போட்டுத் தர்றேன்" என்று இரண்டே நிமிஷத்தில் ஒன்றைத் தொடங்கிவிட்டார். அதில் கொடுத்தது அவருடைய போன் நம்பர். கடவுச்சொல்லை அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். அக்காவிடம் ரசீதுக்குப் பின்னால் முகவரியை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

அக்கா தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாங்க. ஆனால் கல்லூரியில் இருந்து சேதி மின்னஞ்சலில் வந்திருந்தது. "இடம் கிடைத்திருக்கிறது, இந்தத் தேதிக்குள் சான்றிதழ்களோடு வரவும்" என்று. அதைத் திறக்க அக்காவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சாவி அவங்ககிட்ட இல்லை. விஷயம் தெரிந்து ஓடியபோது தேதி முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டது. இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. கடைக்காரர் கெட்டவர் இல்லை, உதவிதான் செய்தார். ஆனாலும் அக்காவுக்கு ஒரு வருஷம் போய்விட்டது.

அதனால்தான் இந்தக் கட்டுரை.

மின்னஞ்சல் என்றால் என்ன?

மின்னஞ்சல் என்பது கம்ப்யூட்டர் அல்லது போன் வழியாக அனுப்பும் கடிதம். 1971ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர்தான் ஒரு கம்ப்யூட்டரில் இருந்து வலையமைப்பில் உள்ள இன்னொரு கம்ப்யூட்டருக்கு முதன்முதலில் இப்படிச் செய்தி அனுப்பினார். முகவரியின் நடுவில் @ என்ற குறியை வைத்தவரும் அவர்தான். அதை 'அட்' என்று வாசிக்க வேண்டும். அதற்கு முன்னால் இருப்பது ஆளின் பெயர். பின்னால் இருப்பது அவருடைய கணக்கு எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்பது. நாம் கடிதத்தில் பெயரும் ஊரும் எழுதுகிற மாதிரிதான்.

இலவசமாக இதைத் தரும் பழக்கத்தை 1996இல் ஹாட்மெயில் பெரிய அளவில் பரப்பியது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் இந்தியாவில் பிறந்த சபீர் பாட்டியா. இன்னொருவர் ஜாக் ஸ்மித். பிறகு 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் நிறுவனம் ஜிமெயிலை அறிவித்தது. 1 ஜி.பி. இடம் இலவசம் என்றதும், முட்டாள்கள் தின விளையாட்டு என்று பலர் நம்பவில்லையாம்! இப்போது 15 ஜி.பி. கிடைக்கிறது. ஆனால் அந்த இடத்தில்தான் நம் போட்டோ, கோப்பு எல்லாமும் பங்கு போட்டுக்கொள்ளும்.

தொடங்குவது எப்படி?

எங்கள் வீட்டு போனில் ஜிமெயில் இருப்பதால் அதையே உதாரணமாகச் சொல்கிறேன். நம் நாட்டில் 13 வயது முடிந்தவர்கள் தாமாகத் தொடங்கலாம். அதற்குக் கீழே உள்ள தம்பி தங்கைகள் அம்மா அப்பா மூலமாகத்தான் தொடங்க வேண்டும். பெரியவர்களும் வீட்டில் சொல்லிவிட்டே செய்யுங்கள். கணக்குத் தொடங்கக் கட்டணம் கிடையாது, நெட் செலவு மட்டும்தான்.

1. ஜிமெயிலைத் திறந்து 'கணக்கை உருவாக்கு' என்பதைத் தொடவும்.

2. பெயரைக் கேட்கும். மார்க் ஷீட்டில் உள்ளபடியே எழுதுங்கள்.

3. பிறந்த தேதியைக் கேட்கும். உண்மையான தேதியைப் போடுங்கள். வயதைக் கூட்டிப் போடுவது கெட்டிக்காரத்தனம் இல்லை.

4. அடுத்தது முகவரி. ஆங்கில எழுத்து, எண், புள்ளி மட்டும்தான் போட முடியும். குறைந்தது 6 எழுத்தாவது இருக்க வேண்டும். உங்கள் பெயரை ஏற்கெனவே வேறு யாராவது எடுத்திருந்தால் இனிஷியலோ எண்ணோ சேருங்கள். எங்கள் வகுப்பில் ஒரு பையன் நடிகர் பெயரையும் 'வெறியன்' என்பதையும் சேர்த்து முகவரி வைக்கப் போவதாகச் சொன்னான். நாளைக்கு வேலைக்கு விண்ணப்பம் போடும்போது அதைத்தானே எழுத வேண்டும்? யோசித்து வையுங்கள்.

5. கடவுச்சொல் குறைந்தது 8 எழுத்து. 12க்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. பிறந்த தேதி, போன் நம்பர், 12345678 எல்லாம் வேண்டாம். உங்களுக்கு மட்டும் தெரிந்த நாலைந்து வார்த்தைகளைச் சேர்த்து, நடுவில் எண்ணும் குறியும் போட்டால் மறக்காது, மற்றவர் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

6. போன் நம்பர் கேட்கும். இதுதான் முக்கியமான இடம். அக்கா தவறவிட்டதும் இங்கேதான். உங்கள் வீட்டு நம்பரைத்தான் கொடுக்க வேண்டும். நாளைக்குக் கடவுச்சொல் மறந்துவிட்டால், அந்த நம்பருக்கு வரும் குறியீட்டை வைத்து மறுபடி உள்ளே போக முடியும். நம்பரை மாற்றினால் கணக்கிலும் மறக்காமல் மாற்றுங்கள்.

கடிதம் எழுதுவது எப்படி?

தமிழ்ப் பாடத்தில் கடிதம் எழுதி மார்க் வாங்கியவர்களுக்கு இது ரொம்ப எளிது. 'எழுது' என்பதைத் தொட்டால் ஒரு தாள் மாதிரி வரும். அனுப்புநர் இடத்தில் நம் முகவரி தானாகவே இருக்கும். பெறுநர் இடத்தில் யாருக்கோ அவருடைய முகவரி. ஒரு புள்ளி, ஒரு எழுத்து தவறினாலும் வேறு ஆளுக்குப் போகலாம், அல்லது திரும்பி வரலாம். 'பொருள்' என்ற வரியைச் சும்மா விடாதீர்கள். "மாற்றுச் சான்றிதழ் வேண்டி" என்று இருந்தால்தான் பார்ப்பவர் திறப்பார். கீழே செய்தி. ஐயா, அம்மா என்று விளித்து, கடைசியில் பெயரும் வகுப்பும் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம்.

பேப்பர் கிளிப் படத்தைத் தொட்டால் சான்றிதழ், போட்டோ எல்லாம் கூடவே இணைக்கலாம். ஜிமெயிலில் 25 எம்.பி. வரை இணைக்க முடியும். "இணைத்துள்ளேன்" என்று எழுதிவிட்டு இணைக்காமலே அனுப்பும் தப்பை நானே இரண்டு முறை செய்தேன்! அனுப்பியதும் சில விநாடிகள் 'செயல்தவிர்' என்று கீழே வரும். அதைத் தொட்டால் கடிதம் நம்மிடமே திரும்பிவிடும்.

எதிர்பார்த்த கடிதம் வரவில்லை என்றால் 'ஸ்பேம்' என்ற பெட்டியையும் பாருங்கள். வேண்டாத கடிதங்களைப் போடும் இடம் அது. சில நேரம் நல்ல கடிதமும் அதில் விழுந்துவிடும். 30 நாளில் அங்கிருப்பவை அழிந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் உயிர்த் தோழி கேட்டாலும் சொல்லக் கூடாது. லாட்டரி விழுந்தது, உதவித்தொகை வந்திருக்கு, இதைத் தொடு என்று யாரோ அனுப்பினால் தொடாதீர்கள். பணம் ஏமாந்துவிட்டால் பயந்து மறைக்காமல் உடனே வீட்டில் சொல்லி 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். பொதுக் கம்ப்யூட்டரில் பார்த்தால் எழுந்திருக்கும் முன் 'வெளியேறு' கொடுக்க வேண்டும். வாரம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள். இரண்டு வருஷம் தொடவே இல்லை என்றால் கணக்கையே கூகுள் அழித்துவிடலாம்.

எங்கள் வீட்டில் நடந்தது

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, "அப்பா, உங்க போன்ல ஒரு மெயில் இருக்கே, அதோட கடவுச்சொல் என்ன?" என்று கேட்டேன். அப்பா சிரித்தார். "போன் வாங்குனப்ப கடைத் தம்பி ஏதோ போட்டுக் குடுத்துச்சு பாப்பா, எனக்கென்ன தெரியும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்லவேளை, அதில் அப்பா நம்பர்தான் இருந்தது. 'கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா' என்பதைத் தொட்டு, வந்த குறியீட்டைப் போட்டு, புதுசு மாற்றினோம். அப்பா அதை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். போன் உறையில் எழுதி வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

நீங்களும் இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

எதிர்வீட்டு அக்கா இப்போது தையல் வகுப்புக்குப் போறாங்க. வரும் வருஷம் திரும்ப விண்ணப்பம் போடுவாங்க. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவங்க போன்ல, அவங்க நம்பரைக் கொடுத்து, அவங்க கையாலேயே புதுக் கணக்குத் தொடங்கினாங்க. கடவுச்சொல் போடும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "உனக்குத் தெரிஞ்சா என்ன பாப்பா?" என்றாங்க. "வேண்டாங்க்கா" என்றேன்.

அவங்க அனுப்பிய முதல் கடிதம் எனக்குத்தான். பொருள்: நன்றி. உள்ளே ஒரே வரி. "இந்தத் தடவை நானே திறந்து பார்ப்பேன்."



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி