கன்னத்தில் பை... மண்ணுக்குள் வீடு!

குட்டி நண்பர்களே, ஹாம்ஸ்டரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். செல்லப் பிராணிகள் விற்கும் கடையில், கூண்டுக்குள் இருக்கும் சின்னச் சக்கரத்தில் ஏறி ஓடிக்கொண்டே இருக்கும். நேரில் பார்க்காதவர்கள் கார்ட்டூனிலாவது பார்த்திருப்பீர்கள். ஆனால், கூண்டுக்கு வெளியே, வயலிலும் பாலைவனத்திலும் பனிமலையிலும் சுதந்திரமாக வாழும் ஹாம்ஸ்டர்களை உங்களுக்குத் தெரியுமா?

உலகில் சுமார் 20 வகை ஹாம்ஸ்டர்கள் இருக்கின்றன. அவற்றில் வீடுகளில் பரவலாக வளர்க்கப்படுபவை ஐந்து வகைகள் மட்டுமே. மற்றவற்றின் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. நம் இந்தியாவிலும் ஹாம்ஸ்டர் உண்டு. இன்னொரு பக்கம், ஐரோப்பாவில் ஒரு வகை அடியோடு அழிந்துவிடுமோ என்று விஞ்ஞானிகள் கவலைப்படுகிறார்கள். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கன்னமா, கோணிப்பையா?

ஹாம்ஸ்டர், எலியையும் அணிலையும் போலக் கொறித்துத் தின்னும் விலங்கு. இதன் இரண்டு கன்னங்களுக்குள்ளும் பை போன்ற அமைப்பு இருக்கிறது. அந்தப் பை தோள் வரை நீளும்! விதைகளையும் தானியங்களையும் அதில் திணித்துக்கொண்டு வளைக்கு ஓடும். உள்ளே போனதும் முன்னங்கால்களால் கன்னத்தை அழுத்தி எல்லாவற்றையும் வெளியே தள்ளும். நம் ஊர் வயல் எலி, நெற்கதிர்களை இழுத்துப் போய் வளைக்குள் சேர்த்து வைக்குமே, அதே வேலைதான்.

ஜெர்மன் மொழியில், பொருள்களைப் பதுக்கிச் சேர்ப்பதற்கு 'ஹாம்ஸ்டெர்ன்' என்று பெயர். இந்த விலங்கின் பழக்கத்தைப் பார்த்து வந்த சொல் அது.

உள்ளங்கையில் அடங்கும் மூவர்

ஹாம்ஸ்டர்களில் மிகவும் சிறியது ரோபரோவ்ஸ்கி ஹாம்ஸ்டர். உடல் நீளம் சுமார் 5 சென்டிமீட்டர். எடை 20 முதல் 25 கிராம்தான். மங்கோலியா, வடக்குச் சீனா ஆகிய இடங்களின் மணற்பாங்கான பாலைவனங்களில் வாழ்கிறது. கண்களுக்கு மேலே புருவம் தீட்டியதுபோல் வெள்ளைத் திட்டு இருக்கும். ரோபரோவ்ஸ்கி என்பது, 1894-ல் இதைச் சேகரித்த ரஷ்ய ஆய்வுப் பயணியின் பெயர்.

அடுத்தது சைபீரிய ஹாம்ஸ்டர். கோடையில் சாம்பல் நிறம்; குளிர்காலத்தில் வெள்ளை நிறம்! பனியின் நடுவே வெள்ளையாக இருந்தால் எதிரியின் கண்ணில் எளிதில் படாது அல்லவா? பகல் நேரம் குறையக் குறைய, 'குளிர்காலம் வருகிறது' என்று அதன் உடல் புரிந்துகொள்கிறது. அதனால்தான் வீட்டில், மின்விளக்கு வெளிச்சத்தில் வளரும் சைபீரிய ஹாம்ஸ்டர்கள் பல வேளைகளில் வெள்ளையாக மாறுவதே இல்லை.

மூன்றாவது, மங்கோலியப் புல்வெளிகளில் வாழும் கேம்ப்பெல் ஹாம்ஸ்டர். இதில் அப்பாதான் கதாநாயகன். குட்டி பிறக்கும்போது அருகிலேயே இருந்து, மெதுவாக வெளியே இழுத்து, நக்கிச் சுத்தம் செய்து, மூச்சுவிட வழி செய்கிறது. விலங்குகளில் பிரசவம் பார்க்கும் அப்பாக்கள் மிகமிக அபூர்வம்!

தொட்டபெட்டாவைவிட உயரத்தில்...

தமிழ்நாட்டின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர் உயரம். அதைவிட உயரமான இடங்களில், 3,000 மீட்டருக்கும் மேலே வாழ்கிறது லடாக் ஹாம்ஸ்டர். இதன் அறிவியல் பெயரில் வரும் 'ஆல்டிகோலா' என்ற சொல்லுக்கு, உயரத்தில் வாழ்வது என்று பொருள். லடாக்கைத் தவிர நேபாளத்திலும் மேற்குச் சீனாவிலும் இது இருக்கிறது. துருக்கி முதல் மங்கோலியா வரை பரவியுள்ள சாம்பல் ஹாம்ஸ்டரும் இந்தியாவின் வடமேற்கு மலைப்பகுதியில் உண்டு. லடாக் என்றதும் பனிச்சிறுத்தையை நினைக்கிறோம். அதே மலையில் இந்தக் குட்டி விலங்கும் வாழ்வதை யாரும் பேசுவதில்லை.

ஒரு தாயின் வாரிசுகள்

செல்லப் பிராணிக் கடைகளில் அதிகம் விற்பனையாவது தங்க ஹாம்ஸ்டர். இதன் சொந்த ஊர் சிரியா. 1930-ல், ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விலங்கியலாளர் இஸ்ரேல் அகரோனி, சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே ஒரு வயலைத் தோண்டச் செய்தார். வளைக்குள் ஒரு தாயும் அதன் குட்டிகளும் கிடைத்தன. இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் தங்க ஹாம்ஸ்டர்களில் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரே குடும்பத்தின் வாரிசுகள்தான்!

கூண்டுகளில் லட்சக்கணக்கில் இருப்பதால், இயற்கையிலும் நிறைய இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே அவை சிரியா–துருக்கி எல்லையை ஒட்டிய சிறிய பகுதியில் மட்டுமே வாழ்கின்றன. பயிரைத் தின்கின்றன என்று விவசாயிகள் அவற்றை விஷம் வைத்துக் கொல்வதும் உண்டு. அழியும் ஆபத்தில் உள்ள விலங்குகளில் இதுவும் ஒன்று.

வயல் நிறையப் பயிர்... வயிற்றுக்குச் சத்து இல்லை!

இப்போது, விஞ்ஞானிகளைக் கவலைப்பட வைத்திருக்கும் ஹாம்ஸ்டரிடம் வருவோம். அதன் பெயர் ஐரோப்பிய ஹாம்ஸ்டர். ஹாம்ஸ்டர்களிலேயே பெரியது, 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளம் வளரும். வயிறு கறுப்பு, கன்னத்தில் வெள்ளைத் திட்டுகள். குளிர்காலம் முழுவதும் வளைக்குள் உறங்கும். நடுநடுவே எழுந்து, சேர்த்து வைத்த தானியத்தைத் தின்றுவிட்டு மறுபடி தூங்கிவிடும்.

ஒரு காலத்தில் இது விவசாயிகளுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. தோலுக்காகவும் வேட்டையாடினார்கள். பிரான்சின் அல்சாஸ் பகுதியில் வயல்களும் மாறின. பலவகைப் பயிர்கள் விளைந்த இடங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மக்காச்சோளம் மட்டுமே வந்தது. வசந்தத்தில் ஹாம்ஸ்டர் விழித்து வெளியே வரும்போது மக்காச்சோளம் முளைத்திருக்காது. வெறும் மண்ணில் ஒளியவும் இடமில்லை, தின்னவும் ஏதுமில்லை.

பயிர் விளைந்த பிறகாவது நல்ல சாப்பாடு கிடைத்ததா? அதுவும் இல்லை. ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் ஒரு சோகமான உண்மையை வெளியிட்டார்கள். மக்காச்சோளத்தையே முக்கிய உணவாகத் தின்ற தாய் ஹாம்ஸ்டர்கள், தாங்கள் ஈன்ற குட்டிகளையே தின்றுவிட்டன! காரணம், வைட்டமின் பி3 பற்றாக்குறை. அந்த வைட்டமினைச் சேர்த்துக் கொடுத்ததும் தாய்கள் குட்டிகளை ஒழுங்காக வளர்க்கத் தொடங்கின. மக்காச்சோளம் கெட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதை மட்டுமே நம்பி வாழ்ந்தால்தான் ஆபத்து. மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த மனிதர்களுக்கும் இதே வைட்டமின் குறைவால் பெல்லாக்ரா என்ற நோய் வந்திருக்கிறது.

2011-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், 'இந்த ஹாம்ஸ்டரைக் காக்கப் போதிய முயற்சி எடுக்கவில்லை' என்று பிரான்சுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஒரு சின்ன விலங்குக்காக ஒரு நாடே நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது! 2020-ல் இது 'மிகமிக ஆபத்தில் உள்ள இனம்' என்று அறிவிக்கப்பட்டது. முன்பு ஒரு பெண் ஹாம்ஸ்டர் ஆண்டுக்குச் சராசரியாக 20-க்கும் மேற்பட்ட குட்டிகளை ஈன்றது, இப்போது ஐந்தாறுதான். இப்படியே போனால் 30 ஆண்டுகளில் இந்த இனமே இல்லாமல் போகலாம் என்று அப்போது எச்சரித்தார்கள்.

நல்ல செய்தியும் உண்டு. அல்சாஸில் ஹாம்ஸ்டர்களைத் தனியாக வளர்த்துப் பெருக்கி, வயல்களில் விடுகிறார்கள். விவசாயிகள் சிலர் கோதுமையின் ஒரு பகுதியை அறுக்காமல் விட்டுவைக்கிறார்கள்; குதிரைமசால் போன்ற பயிர்களையும் விதைக்கிறார்கள். ஒரு விலங்கைக் காப்பாற்ற, அது வாழும் வயலையும் காப்பாற்ற வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

மேலும் தெரிந்துகொள்ள...

* இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் 'சிவப்புப் பட்டியல்' இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு விலங்கு எங்கே வாழ்கிறது, எந்த அளவு ஆபத்தில் இருக்கிறது என்று அதில் பார்க்கலாம்.

* தேடும்போது அறிவியல் பெயரைப் பயன்படுத்துங்கள். கடைகளில் ஒரே பெயரை இரண்டு வகைகளுக்கும் சொல்லிவிடுவார்கள். ஐரோப்பிய ஹாம்ஸ்டரின் அறிவியல் பெயர் 'கிரைசெட்டஸ் கிரைசெட்டஸ்'. ஆங்கில எழுத்துகளில் எப்படி எழுதுவது என்று அறிவியல் ஆசிரியரிடம் கேளுங்கள்.

* நூலகத்தில் இந்தியப் பாலூட்டிகள் பற்றிய நூல் கிடைத்தால், கொறிக்கும் விலங்குகள் பகுதியைப் புரட்டிப் பாருங்கள்.

* வீட்டில் ஹாம்ஸ்டர் வளர்ப்பவரா நீங்கள்? தங்க ஹாம்ஸ்டர் இயற்கையில் தனியாகத்தான் வாழும். எனவே ஒரு கூண்டில் ஒன்றை மட்டும் வையுங்கள். அது வளை தோண்டும் விலங்கு. ஆழமாகத் தோண்ட இடம் கொடுங்கள். பகலில் தூங்கும்போது எழுப்பாதீர்கள்.

அட்லஸை எடுத்து கோபி பாலைவனம், லடாக், அலெப்போ, அல்சாஸ் ஆகிய நான்கு இடங்களையும் கண்டுபிடியுங்கள் பார்க்கலாம். அடுத்த முறை கூண்டுக்குள் ஒரு ஹாம்ஸ்டரைப் பார்க்கும்போது, 'உன் சொந்த ஊர் எது?' என்ற கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்!